இனிப்பில்லாத வட்டிலப்பம்

ஹட்டனில் இனிப்புப் பிடிக்காதவர்கள் குறைவு. அந்தக் குளிரில் நாக்கு எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் மற்றவர்கள் இனிப்புச் சாப்பிட்டார்கள். டீமேக்கரையா இனிப்போடு குடும்பம் நடத்தினார். இதைச் சொன்னது நானில்லை. அவருடைய மனைவிதான் ஒருநாள் எங்கள் கடைக்குள் வந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

டீமேக்கரையா மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பாக இருந்தார். கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாகி வெளியே போவது வரை எல்லாம் அவர் கையில். அந்த உத்தியோகத்துக்கு டீமேக்கர் என்று பெயர். சனங்கள் அதோடு ஐயாவைச் சேர்த்து டீமேக்கரையா ஆக்கிவிட்டார்கள். அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் அப்பா ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பால் டொபி, தொதல், மஸ்கட், பூந்தி லட்டு எல்லாம் இருக்கும். சனிக்கிழமைகளில் டீமேக்கரையா மஸ்கெலியா பஸ்ஸில் வந்து இறங்குவார். வீட்டில் பேங்குக்குப் போவதாகச் சொல்லியிருப்பார். வாசலுக்கு முதுகைக் காட்டி மூலை மேசையில் உட்கார்ந்து, தொதலை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். அப்பா கல்லாவில் இருந்தபடி பயத்தோடு பார்ப்பார்.

"மொதலாளி, மொதப் பால் எங்க போச்சு?"

"எல்லாம் அதுலதான் இருக்குங்க."

"இது ரெண்டாம் பால்ல கிண்டுனது. போன வாரத்துது சரியா இருந்துச்சு."

உண்மையில் அந்த வாரம் தேங்காய் விலை ஏறியிருந்தது. அப்பா வாயைத் திறக்கமாட்டார். குறை சொன்ன தொதலையும் டீமேக்கரையா மிச்சம் வைக்கமாட்டார். குறை வேறு, பசி வேறு என்பார்.

அவர் இனிப்பை ருசியாக மட்டும் நினைவு வைத்திருக்கவில்லை. அது கிடைத்த இடமும், கொடுத்த ஆளும், அன்றைய மழையும் சேர்ந்தே அவர் நினைவில் இருந்தன. ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் கிறிஸ்மஸுக்குக் கொடுத்த புடிங்கைப் பற்றி அவர் பேசினால் மஸ்கெலியா பஸ் போய்விடும். நோன்புப் பெருநாளுக்கு ஒரு முஸ்லிம் நண்பர் வீட்டில் சாப்பிட்ட வட்டிலப்பத்தைப் பற்றிப் பேசினால் அடுத்த பஸ்ஸும் போய்விடும். தேங்காய்ப் பாலும் முட்டையும் கித்துள் மரத்துக் கருப்பட்டியும் சேர்த்து அவித்த அந்தப் பண்டத்தை, இறந்துபோன நெருங்கிய உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல மரியாதையோடு பேசுவார்.

அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை.

அதற்குப் பிறகுதான் அக்கா கடைக்கு வந்தார். டீமேக்கரையாவின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒல்லியான, உயரமான பெண். குரலை உயர்த்தவே மாட்டார். "அண்ணே, இவரு இனிப்போடதான் குடும்பம் நடத்துறாரு. நான் சும்மா ஒப்புக்கு இருக்கேன். இனிமே இவருக்கு நீங்க இனிப்புக் குடுத்தா, ஏதாச்சும் ஆனா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். அப்பா அன்றோடு அவருக்குக் கொடுப்பதை நிறுத்தினார். டீமேக்கரையா கோபித்துக்கொள்ளவில்லை. பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பேக்கரிக்குப் போனார்.

பொய் சொல்வதில் அவருக்கு வெட்கமே கிடையாது, அதுவும் இனிப்பைப் பற்றி மட்டும். மற்ற எல்லாவற்றிலும் அவர் சொன்னால் சொன்னதுதான். கிளினிக்கில் இருந்த டாக்டர் சிங்களவர். அக்காவுக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம் வரும். ஆகவே டாக்டர் சொல்வதை ஐயாவே தமிழில் அக்காவுக்குச் சொல்வார். டாக்டர் சீனியைத் தொடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். இவர் சொன்னது இப்படி: "சீனி போடாம தேத்தண்ணி குடிக்கணுமாம். வாய் கசந்தா கடிச்சிக்க ஒரு துண்டு கருப்பட்டி வச்சிக்கலாமாம்."

அக்கா மாதக்கணக்கில் தன் கையாலேயே கருப்பட்டியை உடைத்து, தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறார். பிறகு ஒரு கிளினிக் நாளில், தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் தற்செயலாகப் பேச்சுக் கொடுத்தபோதுதான் உண்மை வெளிவந்தது. வீட்டுக்கு வந்து அக்கா சொன்னது இவ்வளவுதான்: "விஷத்த என் கையால குடுக்க வச்சிட்டீங்களே."

அன்றிலிருந்து அவர் எதையும் நம்பவில்லை. சட்டைப்பை, தொப்பி, சப்பாத்து என்று எல்லாவற்றையும் சோதிப்பார். அப்படியும் ஒருநாள் பஸ் நிலையத்தில் நல்ல மழையில் ஐயா குடையை விரித்தபோது, மடிப்புக்குள் இருந்து பால் டொபிகள் அவர் தலைமேலேயே கொட்டின. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் குடையை வாங்கித் தானே பிடித்துக்கொண்டார்.

அப்பா இறந்தபின் கடையை மூடினோம். நான் டிக்கோயா வீதியில் இருந்த ஒரு சின்னத் தேயிலைக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தேன். யுத்த நிறுத்தம் வந்திருந்த காலம். வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி மலைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் முதலாளி அவர்களுக்காகப் புது மாதிரியான தேயிலை செய்ய ஆசைப்பட்டார். பைக்குள் அடைத்த தூளில்லை, முழு இலை. அந்த இலையில் இனிப்புப் பண்டங்களின் வாசம் ஏற்ற வேண்டும். கரமல் புடிங் தேயிலை, சொக்லட் கேக் தேயிலை, லவ் கேக் தேயிலை, வட்டிலப்பத் தேயிலை. சீனி கிடையாது. ஏலக்காய், சாதிக்காய், வனிலா, கொக்கோத் தோல், ரோஜா இதழ், கொஞ்சம் வாசனை எண்ணெய் இவைதான். குடித்தால் பண்டம் நினைவுக்கு வர வேண்டும். அதைப் பார்த்துச் சொல்ல ஒரு நாக்கு தேவைப்பட்டது. ஓய்வு பெற்று ஹட்டனில் வந்து குடியிருந்த டீமேக்கரையாவை முதலாளி கூட்டி வந்தார்.

வேலைக்கு வந்த முதல்நாளே அக்காவும் பின்னால் வந்துவிட்டார். வாசம் கதவு வரை அடித்தது. அவர் உள்ளே வராமல் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இதுல சீனி எவ்வளவு?"

"சீனியே இல்லக்கா. வெறும் வாசம்தான்."

"வாசம் இவ்வளவு இருக்கு. இனிப்பு எங்க போகும்?"

"குடிச்சுப் பாருங்கக்கா."

"வேணாம்" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, சோர்வுதான் இருந்தது. "இவரு ஒன்னையும் சரிக்கட்டியிருப்பாரு."

ருசி பார்க்கும் மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். இலையில் கொதிநீர் ஊற்றி, ஊறியதும் வடித்து, கரண்டியில் எடுத்து உறிஞ்சுவார். அந்த உறிஞ்சல் சத்தம் பக்கத்து அறைவரை கேட்கும். ருசி பார்ப்பவர்கள் வாயில் சுழற்றிவிட்டுத் துப்ப வேண்டும், அதற்கென்று காலடியில் ஒரு பாத்திரம் உண்டு. வெறும் தேயிலையை ஒழுங்காகத் துப்புவார். வட்டிலப்பத்தையும் லவ் கேக்கையும் துப்பமாட்டார்.

"துப்புங்கய்யா" என்பேன்.

"இதையா? இதப் போயித் துப்புறதா?"

அவர் சொல்லும் குறைகளை எழுதிக்கொள்வது என் வேலை. முதலாளி எதிர்பார்த்த மாதிரி அவர் எதையும் சொல்லமாட்டார். கல்யாண வீட்டில் கொடுக்கும் லவ் கேக்கின் தேயிலையை முதல்முறை குடித்துவிட்டு, "இது கல்யாணத்து நாள் கேக் இல்ல. மறுநாள் கேக்" என்றார். ரோஜா வாசம் ஆறிப்போயிருக்கிறது என்று அர்த்தம். சொக்லட்டைக் குடித்துவிட்டு, "கேக் வீட்டுக்குள்ள இருக்கு, நாம ரோட்டுல நிக்கிறோம்" என்றார். கொக்கோத் தோலைக் கூட்டினோம். கரமலுக்கு, "அடிப்பிடிச்ச சட்டியச் சுரண்டுற எடத்துக்கு வந்திருச்சு. கொஞ்சம் மேல வாங்க" என்றார். வட்டிலப்பத்துக்கு மாத்திரம் பல வாரங்கள் எடுத்தன. ஒருநாள் காலை கரண்டியை வைத்துவிட்டு எழுந்து ஜன்னலண்டை போய் நின்றார். திரும்பி வரும்போது கண் கலங்கியிருந்தது. "போதும், இனிமே யாரும் கை வைக்காதீங்க" என்றார்.

அந்த நாட்களில் யாராவது கேட்காமலே அவர் ஒன்றைச் சொல்வார்: "நான் இப்பல்லாம் இனிப்பத் தொடுறதே இல்ல."

எல்லோரும் தலையாட்டுவோம். அந்தப் பக்கம் போய்ச் சிரிப்போம். நானும்தான்.

சிரிக்கக் காரணமும் இருந்தது. கரமல் தேயிலையில் பார்வைக்காகச் சின்னச் சின்னக் கரமல் துண்டுகள் கலப்போம். அவை மட்டும் உண்மையான சீனி. ஐயா அந்தத் துண்டுகளைக் கலக்கும் முன்பே தேயிலையை ருசி பார்த்துவிடுவார். "துண்டு கண்ணுக்குத்தான், நாக்குக்கு இல்ல" என்பார். ஆனால் மேசைக்குப் பின்னால் துண்டுகளை வைத்திருந்த தகர டின்னில், கலக்காத நாட்களிலும் மட்டம் இறங்கிக்கொண்டே போனது. யாரும் எடுக்காமல் அப்படி இறங்காது. முதலாளி என்னைப் பார்ப்பார், நான் டின்னைப் பார்ப்பேன், இரண்டு பேரும் ஐயாவைப் பார்ப்போம்.

"நானில்ல" என்பார் அவர். வேறு விளக்கம் எதுவும் சொல்லமாட்டார். இத்தனை வருடம் கதை கதையாகப் பொய் சொன்ன மனிதர், இதற்கு ஒரு கதைகூடச் சொல்லவில்லை. எங்களுக்கு அது அப்போது வித்தியாசமாகப் படவில்லை.

மழைக்காலத்தில் புது இலை பார்க்க வட்டவளைக்குப் போனார். வட்டவளையில் மழை என்றால் மலையையே கழுவி எடுக்கும். புல்லெல்லாம் அட்டை. சப்பாத்துக்குள் புகுந்து விரலிடுக்கில் கடித்த ஓர் அட்டையைப் பொறுமையில்லாமல் பிய்த்து எறிந்திருக்கிறார். கடித்த இடம் அரித்தது. சொறிந்தார். அது புண்ணாகி, ஈரச் சப்பாத்துக்குள்ளேயே கிடந்து கறுத்தது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவு என்பார்கள். அவர் கவனிக்கத் தொடங்கும்போது பாதம் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை.

ஹட்டனில் காட்டியதும் கண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே விரலை எடுப்பார்களா, பாதத்தையே எடுப்பார்களா என்று பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

அக்கா என்னைத் தேடி வந்தார். "நீயும் வா தங்கச்சி. டாக்டரு சொல்றத இவரு வாயால நான் கேக்கமாட்டேன். நீ சொல்லு. ஒன்னையும் நான் முழுசா நம்பல. இருந்தாலும் நீ சொல்லு."

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கடை வீதியில் வளர்ந்தவள். முதலாளியின் வேனில் போனோம். ஐயா பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார். கினிகத்தேனை தாண்டியதும் அக்கா வெளியே பார்த்தபடி சொன்னார்.

"தின்னு தின்னே கால வாங்கிக்கிட்டீங்க."

"நான் தின்னல."

"ஆமா."

"சத்தியமா, தின்னல புள்ள."

"சத்தியத்த விட்டுருங்க. அதயாச்சும் மிச்சம் வைங்க."

ஐயா முகத்தைச் சீட்டின் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் வாதாடாமல் விட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கண்டி பெரியாஸ்பத்திரியில் அவரைப் படுக்கையில் சேர்த்தார்கள். புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தார்கள், ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள். வெட்டுவதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம் என்றார்கள். அக்கா அங்கேயே ஒரு தூரத்து உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டார். நான் ஹட்டனுக்குத் திரும்பினேன்.

ஐயா இல்லாத கம்பனியில் ருசி பார்க்கும் மேசை சும்மா கிடந்தது. அங்கே யாரும் போகவில்லை. ஒருநாள் மேசையைத் துடைக்கப் போனவள் தற்செயலாகக் கரமல் டின்னைத் திறந்தேன். மட்டம் மேலும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

டின்னைத் தராசில் வைத்து, கலந்தது போக இருக்க வேண்டிய எடையோடு ஒப்பிட்டேன். எடை குறையவே இல்லை. குறைவதற்குப் பதில் கொஞ்சம் கூடியிருந்தது. டின்னைக் கவிழ்த்துத் தட்டியபோது அடியிலிருந்து துண்டுகளெல்லாம் ஒன்றாய் உருகி ஒட்டிய ஒரு பெரிய கட்டி விழுந்தது. எங்கள் மூடுபனி உள்ளே போய்க் கரமலை இளக்கி, அதைத் தன்பாட்டில் கீழே இறங்க வைத்திருக்கிறது. யாரும் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. தராசு அந்த அறையிலேயேதான் இருந்தது. அதில் வைத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மனதில் ஏற்கெனவே பதில் இருந்தது.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்தக் கட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கே வேன எடுத்துக்கிட்டுக் கண்டிக்குப் போ" என்றார்.

நான் போய்ச் சேர்ந்த வேளையில் டாக்டர் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். இளம் பெண், சிங்களவர். ஐயா கண்ணை மூடிக் கிடந்தார். அக்கா என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். டாக்டர் சிங்களத்தில் பேசப் பேச, அக்கா டாக்டரைப் பார்க்கவே இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாங்க?"

"கால வெட்டத் தேவையில்லையாம். விரலையும் எடுக்க வேணாமாம். புண்ணு நல்லா ஆறிக்கிட்டு வருதாம்."

அக்காவின் பிடி தளரவில்லை. "அப்புறம்?"

"ரத்தத்துல ஒரு டெஸ்ட் எடுத்தாங்களாம். அது இன்னைக்கு உள்ளத மட்டும் இல்ல, போன ரெண்டு மூணு மாசமா சீனி எப்படி இருந்துச்சுன்னும் காட்டுமாம். ஐயாவுக்கு நல்லாக் கட்டுப்பாட்டுல இருந்திருக்காம். அதனாலதான் கால் தப்பிச்சதாம். இவ்வளவு ஒழுங்கா இருக்கிற ஆளுங்க கொறைவுன்னு சொல்றாங்க."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "இவரு சொல்லச் சொல்லித்தானே சொல்ற?"

"இல்லக்கா. அவுங்க சொன்னதத்தான் சொல்றேன்."

"திரும்பக் கேளு."

திரும்பக் கேட்டேன். டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் என்னை விட்டுவிட்டு நேராக அக்காவிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் தேடிப் பிடித்துச் சொன்னார்: "அம்மா. கால் நல்லம். சீனி நல்லம். ஐயா… இனிப்பு சாப்பிட இல்ல."

அந்த அரைகுறைத் தமிழை அக்கா நம்பினார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் சிரிப்பும் அதில் இருந்தது.

டாக்டர் போனபின் நான் டின் கதையைச் சொன்னேன். ஐயா கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பவே சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை.

"எப்ப விட்டீங்க?" என்று அக்கா கேட்டார்.

"கம்பனிக்குப் போன கொஞ்ச நாள்ல."

"நான் அத்தன சொல்லியும் விடாத ஆளு?"

ஐயா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். சொல்லக் கூச்சப்பட்டது தெரிந்தது. "ஒரு டொபியத் தின்னுட்டுப் போனா, அன்னைக்கு நாக்கு ஒழுங்காப் பேசல. வட்டிலப்பம் சொக்லட் மாதிரி இருக்கு. வேல கெட்டுப் போவுது. ஒருநாள் விட்டுப் பார்த்தேன். மறுநாள் ஏலக்கா தனியா, சாதிக்கா தனியா வந்து நிக்குது. இத்தன வருசமா தின்னப்பக்கூட அப்படித் தெரிஞ்சதில்ல. அப்புறம் திங்கத் தோணல."

"அப்ப எனக்காக விடல."

"இல்ல" என்றார் அவர். அவர் அக்காவிடம் சொன்ன எத்தனையோ பதில்களில் இவ்வளவு பச்சையாக ஒன்றை நான் கேட்டதில்லை. ஆனால் அக்காவின் முகம் தெளிந்தது. "இப்பத்தான் நம்புறேன்" என்றார். போர்வையை இழுத்து அவருடைய கட்டுப்போட்ட காலை மூடிவிட்டார்.

சில நாட்களில் அவரை வீட்டுக்கு விட்டார்கள். திரும்பும் வழியில் கினிகத்தேனையில் வேனை நிறுத்தி ஒரு கடையில் ஏறினோம். ஐயா என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களாலும் நடந்துதான் வந்தார். வெளியே மெல்லிய தூறல். பால் விடாத சாயத் தேத்தண்ணி மூன்று சொன்னேன், ஒன்று சீனியில்லாமல். கண்ணாடிப் பெட்டியில் பட்டர் கேக் துண்டுகள் அடுக்கியிருந்தன. நான் ஐயாவுக்கு அது தெரியாதபடி மறைத்து நின்றேன்.

"எனக்கு ஒரு துண்டு கேக் சொல்லு தங்கச்சி" என்றார் அக்கா.

கேக் வந்தது. அவர் ஒரு மூலையைப் பிய்த்து வாயில் போட்டு, அவசரமில்லாமல் மென்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்திலோ கோயிலிலோ எங்கள் கடையிலோ, இந்த அக்கா இனிப்பை வாயில் வைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஐயாவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும்.

"ஒனக்கு இனிப்புப் பிடிக்காமப் போச்சுன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார்.

"யாரு சொன்னா? வீட்டுல இனிப்பு இருந்தா நீங்க விட்டு வைப்பீங்களா? நான் தின்னா நீங்க பாத்துக்கிட்டு இருப்பீங்களா? அதான் நானும் விட்டுட்டேன்."

"எப்பருந்து?"

"ஒங்களுக்குச் சீனின்னு தெரிஞ்ச அன்னையிலருந்து."

ஐயா சீனியில்லாத தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி, அக்கா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டு காலியானது. அக்கா விரலில் ஒட்டிய தூளையும் விடவில்லை.

"இன்னொரு துண்டு சொல்லு தங்கச்சி" என்றார் ஐயா.

அக்காவின் கை அப்படியே நின்றது. என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒனக்குத்தான் புள்ள" என்றார் அவர்.